காட் என்று நாம் வாங்கும் மீன்

செங்காங் வாசகி: அண்ணே, பிள்ளையின் கஞ்சியில் போட காட் மீன் வாங்குகிறேன். அது காட்டே இல்லை என்கிறார் மாமியார். நிஜமா?

மாமியார் சொல்வது பெரும்பாலும் சரிதான்மா. இங்கே சிங்கப்பூரில் காட் என்று விற்கும் கொழுத்த வெள்ளைத் துண்டு பல சமயம் பட்டகோனிய டூத்ஃபிஷ். அசல் காட் வடக்கு அட்லாண்டிக் மீன். இதுவோ தென்கோடிக் கடல்களில், 2,000 மீட்டருக்குக் கீழேகூட வாழ்வது. சிலியன் சீபாஸ் என்பதும் இதுவே. 1977இல் அமெரிக்க வியாபாரி ஒருவர் விற்பனைக்காக வைத்த பெயர் அது. பொட்டலத்தில் டிசோஸ்டிகஸ் என்ற அறிவியல் பெயர் இருந்தால் டூத்ஃபிஷ்தான், சந்தேகமே வேண்டாம்.

வாசகர்: சதையில் ஏன் இவ்வளவு எண்ணெய்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பல மீன்களுக்கு மிதக்க உதவும் காற்றுப்பை வயிற்றுக்குள் இருக்கும். இதற்குக் கிடையாது. காற்றைவிடக் கொழுப்பு இங்கே வசதி: ஆழத்தில் எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்கிவிடாது, உடம்பையும் லேசாக்கும். வேகவைத்த துண்டைக் கரண்டியால் தொட்டுப் பாருங்கள், சதை தடித்த இதழ்களாகப் பிரியும், இடுக்கெல்லாம் கொழுப்பு மினுங்கும். அந்த மினுமினுப்புதான் அதன் மிதவை. அப்புறம், முழு மீனின் பக்கத்தில் நீரசைவை உணரும் கோடு இரண்டு ஓடும். நம் கொடுவாய்க்கு ஒன்றுதான்.

உயர்நிலைப்பள்ளி மாணவர்: தென்கோடிக் கடல் குளிரில் ரத்தம் பனியாக உறையாதா சார்?

உறையாமல் காக்கும் புரதம் உள்ளது இதன் உறவான அண்டார்டிக் டூத்ஃபிஷ்ஷுக்கு, தம்பி. அது வாழும் நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை போகும். பட்டகோனிய மீன் அதைவிடச் சூடான நீரில் இருப்பதால் அந்தப் புரதம் இல்லை.

செங்காங் வாசகி: பிள்ளைக்குத் தரலாமா?

தரலாம், ஆனால் தினமும் வேண்டாம். 50 வயது வரை வாழ்ந்து, மற்ற மீன்களையும் கணவாயையும் தின்று பெருப்பதால் உடம்பில் பாதரசம் சேரும். வாரத்துக்கு ஒரு முறை போதும். கர்ப்பிணிகளுக்கும் அதே கணக்கு.

பெடோக் ஜெட்டியில் தூண்டில் போடுபவர்: இந்தப் பக்கம் வருமா?

நம் நீரிணையில் ஆழமும் குளிரும் போதாது அண்ணே. ஆனால் 2000இல், 70 கிலோ மீன் ஒன்று கிரீன்லாந்து அருகே பிடிபட்டது! பூமத்திய ரேகையைக் கடந்திருக்கிறது. மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்ந்த ஆழம். அந்த ஆழத்தின் வழியாகவே போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.