வீட்டோ சீட்டு யாருக்கு? நோமிக் ஏலத் தகராறு, கேள்வி பதில்

மந்தைவெளியில ஒரு மொட்டைமாடி. போன சனிக்கிழமை அங்க அஞ்சு பேர் ஆடின நோமிக், வீட்டோ சீட்டு (தடுப்புரிமைச் சீட்டு) ஏலத்துல தகராறாகி பாதியில நின்னுபோச்சு. ரொம்ப நாளா ஆடுறவன்கிறதால பஞ்சாயத்து எங்கிட்ட வந்தது. வந்ததும் வந்தாங்க, மத்தவங்களும் அவங்கவங்க சந்தேகத்தைக் கேட்டுட்டாங்க.

புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி: விதிகளை மாத்துறதுதான் நோமிக்ல ஆட்டமே. தன் முறை வந்தா ஒரு விதி மாற்றத்தை முன்மொழிஞ்சு ஓட்டுக்கு விடணும், அப்புறம் பகடை போட்டுப் புள்ளி சேர்க்கணும்; முதல்ல நூறு புள்ளி எடுத்தவர் ஜெயிப்பார். பீட்டர் சூபர்னு ஒரு தத்துவப் பேராசிரியர் உருவாக்கினது. 1982 ஜூன்ல சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில டக்ளஸ் ஹாஃப்ஸ்டேட்டர் எழுதினப்புறம்தான் ஊருக்குத் தெரிஞ்சது. 101 முதல் 116 வரை லேசுல அசையாத விதிகள். 201 முதல் 213 வரை ஓட்டுப் போட்டா மாறும். நாம சேர்க்கிறது 301ல தொடங்கும்.

மந்தைவெளி: அண்ணா, எங்க விதி 305 இது: ‘ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு வீட்டோ சீட்டு ஏலம் விடப்படும். அதிகப் புள்ளி கேட்டவருக்குச் சீட்டு. கேட்ட புள்ளி அவர் கணக்கில் கழியும்.’ நான் 28 கேட்டேன். எதிர்ல இருந்தவன் 35 கேட்டான். ரெண்டு தரம் சொன்னப்புறம் ‘வேணாம், வாபஸ்’ங்கறான். சீட்டு எனக்கா, இல்ல அவன் தலையில கட்டலாமா?

முதல்ல என் கண்ணுல பட்டது ‘கேட்டவருக்கு’. இறந்த காலம். அவர் 35 கேட்டது நடந்து முடிஞ்ச சங்கதி. தடுக்காததெல்லாம் செய்யலாம்னு 116 சொல்றதால, வாபஸ்னு சொன்னது தப்பில்ல. ஆனா சொன்னதால கேட்டது கேட்காததா ஆயிடாது. ஆக 35 கட்டித்தான் தீரணும். இப்படி அரைப் பக்கம் தீர்ப்பே எழுதிட்டேன். டீ குடிச்சிட்டு வந்து படிச்சா எனக்கே சிரிப்பு வந்தது. ஏலத்தைப் பத்தி யார் எழுதினாலும் ‘கேட்டவர்’னுதான் எழுதுவாங்க. அந்த ‘ட்ட’ மேல இவ்வளவு பாரம் ஏத்தக் கூடாது. உண்மையான ஓட்டை வேற: ஏலம் எந்த நொடியில முடியுதுன்னு 305 வாயே திறக்கலை.

விதி பேசாம இருந்தா, இல்ல குழப்பமா இருந்தா, அப்போ மட்டும் நடுவர் ஆட்ட வழக்கத்தையும் ஆட்டத்தோட உணர்வையும் பார்க்கணும்னு 212 சொல்லுது. அதனால உங்க ஸ்கோர் நோட்டைக் கேட்டு வாங்கினேன். ரெண்டாவது சுற்றுப் பக்கத்துல ‘20’னு எழுதி ஒரு கோடு அடிச்சிருக்கு; பக்கத்துல பென்சில்ல ‘வாபஸ்’. அன்னிக்கு யாரும் முணுமுணுக்கக் கூட இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதுதான் உங்க வழக்கம். எதிர்ல இருந்தவர் தப்பிச்சார்.

ஆனா 28 ஜெயிச்சுதுன்னு குதிக்காதீங்க. 35 வந்தவுடனே 28 செத்துப்போச்சா, இல்ல ஓரமா உட்கார்ந்திருந்துதா? மறுபடி நோட்டு. அடிச்ச 20க்குக் கீழ 5, 9, 14னு புதுசா ஏறுது. அதாவது வாபஸ் வந்தா மொதல்ல இருந்து கேட்டிருக்கீங்க. அதையே செய்யுங்க: மறு ஏலம்.

பாரிமுனை, வழக்கறிஞர்: இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தணும்? 1930ஆம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம் 64வது பிரிவுலயே, சுத்தியல் விழுற வரைக்கும் கேட்டவர் பின்வாங்கலாம்னு இருக்கே.

இருக்கு சார், நம்ம ஊர் சுத்தியல் மூணாம் தரம்தான். ஆனா வழக்கமும் உணர்வும் பார்த்துட்டுத்தான் வெளி அளவுகோலுக்குப் போகணும்னு 212ல வரிசை இருக்கு. நோட்டு காலியா இருந்திருந்தா உங்க 64ஐத்தான் தேடி வந்திருப்பேன்.

பெரம்பூர்: எங்க ஏலம் வாட்ஸ்அப்ல ரெண்டு நாள் ஓடும். நடுவுல ‘வாபஸ் கிடையாது’ன்னு 311 நிறைவேறிடுச்சு. அதுக்கு முந்தின நாள் கேட்டதை நான் வாபஸ் வாங்கலாமா? முன்தேதியிட்டு எதுவும் செல்லாதுன்னு 107 இருக்கே?

107 சரிதான், நீங்க அதை மாட்டுற இடம் தப்பு. கேட்டது நேத்து, வாபஸ் இன்னிக்கு. இன்னிக்குச் செய்ற காரியத்துக்கு இன்னிக்கு இருக்கிற விதி. மாட்டிக்கிட்டீங்க.

வேளச்சேரி: கையில 12 புள்ளி வச்சுக்கிட்டு ஒருத்தர் 1,000 கேட்கலாமா?

காசிமேட்டு மீன் ஏலத்துல இப்படிக் கூவினா என்ன நடக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. நோமிக்ல தாராளமா கேட்கலாம். எல்லாரும் பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கிறாங்க, முன்மொழிவு தோத்தா 206 பத்து புள்ளி பிடுங்குது. அப்போ கழித்தல் கணக்கு முதல் முறையிலயே வரலாம். எங்க குழுவுல இதை ஒருத்தர் செஞ்சே காட்டினார். −988ல நின்னுக்கிட்டு, அடுத்த முறை ‘புள்ளிக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி இனி செல்லாது’ன்னு ஒரு முன்மொழிவு. நிறைவேறியிருந்தா நூறைத் தாண்டி அங்கேயே ஜெயிச்சிருப்பார். ஒரே ஒரு ஓட்டுல தோத்தது. அதுக்கும் பத்து கழிஞ்சு −998. பகடையை எடுத்தார், 2 விழுந்தது. வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிச்சோம்.

அம்பத்தூர்: ரெண்டு பேர் ஒரே தொகை கேட்டா?

விதியில எழுதி வைங்க, எதுவானாலும் சரி. ஏலச்சீட்டுல ரெண்டு பேர் உச்சத் தள்ளுபடியைக் கேட்டா குலுக்கல். 2010 ஐபிஎல் ஏலத்துல பொல்லார்டுக்குப் பல அணிகள் ஏழரை லட்சம் டாலர் உச்சவரம்பைத் தொட்டப்போ, ரகசியமா தொகை எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க, மும்பைக்குப் போனார். எனக்குக் குலுக்கல்தான் பிடிக்கும், சண்டை கம்மி.

திருவான்மியூர்: நடுவரே ஏலத்துல கேட்டிருந்தா அவர் தீர்ப்பு செல்லுமா?

செல்லும். விலகணும்னு எந்த விதியும் இல்லை. மத்த எல்லாரும் ஒரே குரலா எதிர்த்தா தீர்ப்பைத் தூக்கிடலாம், ஆனா அடுத்த முறை தொடங்குறதுக்குள்ள. அடுத்தவர் முன்மொழிவைப் படிக்க ஆரம்பிச்சுட்டா வண்டி போயிடுச்சு.

மந்தைவெளி: அண்ணா, மறு ஏலம் விட்டாச்சு. 22க்கு எனக்கே கிடைச்சுது. 35 கேட்டவன் கையையே தூக்கலை.

ஆறு புள்ளி லாபம், எனக்கு ஒரு பஜ்ஜி பாக்கி. அடுத்த முறை யாருதோ, அவங்க 305க்கு இந்தத் திருத்தத்தைத் தாள்ல எழுதிட்டு ஓட்டுக்கு விடுங்க. எழுதாம விட்டா 106 மடக்கிடும். ‘ஏலம் விடுபவர் மூன்றாம் தரம் சொல்லும்போது ஏலம் முடியும். அதற்கு முன் கேட்டதைத் திரும்பப் பெறலாம். பெற்றால் ஏலம் முதலிலிருந்து நடக்கும், திரும்பப் பெற்றவர் அந்தச் சுற்றில் மறுபடி கேட்க முடியாது. சமமாகக் கேட்டால் குலுக்கல்.’