தள்ளியே இரு என்று சொன்னது யார்?

கேள்வி: என் நெருங்கிய தோழியின் மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளி மலருக்கு அவள் எழுதிய கதை காப்பி என்று விசாரணை வைத்து அழவிட்டார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லருக்கும் சிறு வயதில் இதே பழி வந்ததாம். அதற்கு ஆறுதலாக இன்னொரு எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதிய கடிதத்தைத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. என் மகளும் அதே வகுப்பு. பேச்சு அடங்கும்வரை தள்ளியே இரு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், என் கணவரும் அதுதான் சரி என்றார். தோழிக்கு வேறு எப்படி ஆறுதல் சொல்வது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஆறுதல் அப்புறம். ‘தள்ளியே இரு’ என்றதை, மகளிடம் குடை எடுத்துப் போகச் சொன்ன மாதிரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே! மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உங்கள் மகள் வேறு பெஞ்சுக்குப் போனால், சாயங்காலமே அது அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் உங்கள் ஃபார்வர்டு வந்து விழுந்தால் யார் பதில் போடுவார்கள்?

அனுப்பிய கடிதத்தை முழுசாகப் படித்தீர்களா? 1903 மார்ச்சில், ஹெலனின் சுயசரிதை கைக்கு வந்ததும் எழுதியது அது. 11 வயதுப் பிள்ளையை ஆசிரியர்களும் அதிகாரிகளும் கூடி விசாரித்த கூத்தை நினைத்து, ராத்திரி திட்டித் தீர்த்ததில் தூக்கமே வரவில்லை என்கிறார் ட்வைன். இறைச்சித் துண்டைத் திருடியதாகப் பூனைக்குட்டியைப் பிடித்துத் திருத்தக் கிளம்பிய கிழட்டுக் கொள்ளைக்காரர்கள் என்று அவர்களை வைகிறார். அதோடு விட்டாரா? நானும் திருடியவன்தான் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். 1866இல் ஹவாய் தீவுகளில் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸின் கவிதைகளைப் படித்தவர், அதிலிருந்த சமர்ப்பண வரிகளைத் தன்னை அறியாமலே தன் புத்தகத்தில் போட்டுவிட்டாராம். அவ்வளவு பெரிய மனிதர், பழி சுமந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நீங்கள் பக்கத்தில் இருந்த மகளை எழுப்பிவிட்டீர்கள்.

விசாரணையின்போது ஹெலனின் ஆசிரியை ஆனி சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். பார்வையும் செவியும் இல்லாத குழந்தை, தனியாக. அன்று ராத்திரி குளிரில் நடுங்கி, விடிவதற்குள் செத்துவிடுவேன் என்று தோன்றியதாகவும், அந்த நினைப்பே ஆறுதலாக இருந்ததாகவும் ஹெலன் எழுதியிருக்கிறார். அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூட, இது எங்கேயோ படித்த வாக்கியமோ என்று பயந்து திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிப் பார்ப்பாராம். இப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்து இடமும் காலியாக வேண்டுமா?

அந்தக் கதை காப்பியா என்று எனக்குத் தெரியாது. காப்பியாகவே இருக்கட்டும், பன்னிரண்டு வயசு. நட்பு என்றால் குடும்பத்துக்குக் குடும்பம் என்றுதான் நான் நினைக்கிறேன். தாய்மார் போனில் உருகிக்கொண்டு, பிள்ளைகளைப் பிரித்து வைப்பது எந்த ஊர் நியாயம்?

‘நான் சொன்னது தப்பு’ என்று இன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள். நாளை மதியம் பழைய இடத்திலேயே அவள் உட்காரட்டும். சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போங்கள். வாசலிலேயே நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அதுதான் சரி’ என்றாரே உங்கள் கணவர், அவரும் வரட்டும்.