மருமகனிடமிருந்து பேரனைக் கேட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகள் சென்ற ஆண்டு புற்றுநோயில் போய்விட்டாள். மருமகன் கறுப்பின அமெரிக்கர். ஐந்து வயதுப் பேரன் எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறான். மருமகன் சனி, ஞாயிறு வந்து அழைத்துப் போவார். இப்போது நியூவார்க்கில் தன் அம்மா வீட்டுக்கே கூட்டிப்போகப் போகிறாராம். அவர்கள் வளர்ப்பு வேறு மாதிரி, தமிழும் மறந்துபோகும். ‘பிளாக் ஆர் வொயிட்’ என்ற ஹாலிவுட் படத்தில் பேத்திக்காக வழக்காடும் தாத்தா மாதிரி நாங்களும் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: பேரனை உங்கள் பொறுப்பில் விடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள் அம்மா. அந்தப் படத்தில் பிள்ளையின் அப்பா போதைக்கு அடிமையானவர். அதனால்தான் சண்டை தாத்தாவுக்கும் அப்பா வழிப் பாட்டிக்கும் நடுவில் வருகிறது. உங்கள் மருமகன் வாரம் தவறாமல் வந்து நிற்கிறார். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் போதும்.

கிட்டத்தட்ட உங்கள் கதையே 2000இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வாட்கின்ஸ் எதிர் நெல்சன் வழக்கு. தாய் விபத்தில் இறந்துவிட, அவளுடைய பெற்றோர் குழந்தையைக் கேட்டார்கள். நீதிமன்றம் தகப்பனிடமே கொடுத்தது. யார் நன்றாக வளர்ப்பார்கள் என்ற ஒப்பீட்டுக்கே முதலில் இடமில்லை. தகப்பன் தகுதியற்றவர், பிள்ளையைக் கைவிட்டவர், அல்லது அவரிடம் விட்டால் பிள்ளைக்குப் பெரிய பாதிப்பு வரும் என்று நிரூபித்தால்தான் அந்தப் பேச்சே. எட்டு மாதம் உங்களிடம் விட்டதைக் கைவிட்டதாகக் காட்டவே முடியாது.

அப்புறம், ‘அவர்கள் வளர்ப்பு வேறு மாதிரி’ என்ற வரி. இதை மனுவில் எழுதினால் உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். ஃபுளோரிடாவில் ஒரு வெள்ளைக்காரத் தாய் கறுப்பினத்தவரை மணந்தார் என்பதற்காக மகளைப் பிரித்துத் தகப்பனிடம் கொடுத்தார்கள். பால்மோர் எதிர் சிடோட்டி வழக்கில், 1984இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஊரின் இனவெறுப்பைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. உங்கள் பேரன் அந்தப் பாட்டிக்கும் பேரன்தானே? கோபத்தில் மருமகனுக்கோ சொந்தக்காரர்களுக்கோ வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அதுவும் சாட்சியாக வந்து நிற்கும். இனியாவது அனுப்பாதீர்கள்.

பேரனைப் பார்க்கும் உரிமை வேறு விஷயம். அதற்கு நியூஜெர்சியில் தனிச் சட்டம் இருக்கிறது. முன்பு முழுநேரமும் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டிக்கு அதில் கொஞ்சம் சாதகமும் உண்டு. ஆனாலும் தகப்பன் மறுத்தால், உங்களைப் பார்க்காமல் பிள்ளை பாதிக்கப்படும் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வெறும் பாசத்தைச் சொன்னால் போதாது. அவனுடைய ஆசிரியர், குழந்தை மருத்துவர், மனநல ஆலோசகர் சொல்வதற்குத்தான் மதிப்பு.

அவர் இன்னும் மறுக்கவே இல்லை, அதைக் கவனியுங்கள். எடிசனிலிருந்து நியூவார்க் பக்கம்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, தீபாவளி, பொங்கல், வாரத்தில் ஒருநாள் வீடியோ கால் என்று அவரிடமே கேளுங்கள். தமிழ் வகுப்புக்கு நீங்களே கூட்டிப்போவதாகச் சொல்லுங்கள். சரி என்றால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்தப் பதிலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, உங்கள் கவுன்டிக்கான நியூ பிரன்ஸ்விக் குடும்ப நீதிமன்றத்தில் பழகிய ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.