திருப்பூரில் முன்பின் தெரியாத மூவரில் யாரிடம் டி-ஷர்ட் ஆர்டர் கொடுப்பது?

300 ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம்), ஒரே நிறம். மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள், யாரையும் தெரியாது என்கிறீர்கள். ஆளைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. துணியைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

மூவரும் ஒரே துணிக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். நூல் கோம்ப்டா (குட்டை இழைகளைச் சீவி நீக்கியது), செமி கோம்ப்டா (ஓரளவு சீவியது), கார்டடா (அப்படிச் சீவாதது)? பயோ வாஷ் (என்சைமால் துணியின் பிசிறு நீக்குவது) உண்டா? ஜிஎஸ்டி சேர்த்தா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மீடியம் சைஸில் வெட்டுக்கழிவு போக ஒரு கிலோ துணிக்கு 4 முதல் 5 பீஸ் வரும். அன்றைய கிலோ விலையை 4.5-ஆல் வகுத்து, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் கூலியைக் கூட்டினால் அடிவிலை கிடைக்கும். அதற்கும் கீழே விலை சொல்பவர் எங்கோ கை வைக்கப்போகிறார், பெரும்பாலும் ஜிஎஸ்எம்மில். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வெட்டிய துண்டு 1.8 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது; நகைத் தராசில் நிறுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது சாம்பிளில்தான். சாம்பிள் தையலுக்குத்தான் சாட்சி, துணிக்கு அல்ல. அது பெரும்பாலும் கையிருப்புத் துணியில் தைத்தது. உங்கள் ஆர்டருக்கான துணி இனிமேல்தான் நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை முன்பே சுருக்குவது) என்று வெவ்வேறு யூனிட்களுக்குப் போய் வரும். அதனால் காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் தொடங்கும் முன், அந்த லாட்டிலிருந்தே ஒரு மீட்டர் அனுப்பச் சொல்லுங்கள். அதில் 50 செ.மீ. சதுரம் வரைந்து மூன்று முறை துவைத்து உலர்த்துங்கள். பக்கம் 47.5 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். அதற்கு மேல் சுருங்கினால் கட்டிங்குக்கு ஒப்புதல் தராதீர்கள். துணி மறுபடி காம்பாக்டிங்குக்குப் போகட்டும். சதுரம் சாய்ந்து போயிருந்தால், துவைத்த பிறகு பக்கத் தையல் முன்பக்கம் திரும்பும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். இந்த நிபந்தனைக்கே யார் ஒத்துக்கொள்கிறார், யார் மழுப்புகிறார் என்பதை நான் விலைக்கு மேலாக மதிப்பேன்.

ஜிஎஸ்டி எண்ணை அரசு தளத்தில் போட்டால் பதிவான தேதியும் ரிட்டர்ன் தாக்கல் விவரமும் தெரியும். அவர் தாக்கல் செய்யாவிட்டால் உங்கள் உள்ளீட்டு வரி வரவு (அவருக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) மாட்டிக்கொள்ளும். டையிங் எங்கே, தையல் சொந்த யூனிட்டா, ஜாப் ஒர்க்கா (வெளியில் கூலிக்குக் கொடுப்பதா) என்று கேளுங்கள். ஜாப் ஒர்க் குறையில்லை, மறைப்பதுதான் குறை.

அட்வான்ஸ் துணிக்கான பணத்தைத் தாண்ட வேண்டாம். மீதியைச் செக்கிங் முடிந்த பிறகு கொடுங்கள். 300-இல் 50 பீஸை நீங்களே, வெவ்வேறு கட்டுகளிலிருந்து உருவுங்கள். ஏக்யூஎல் (ஏற்கக்கூடிய குறைகளுக்கான தர வரம்பு) 2.5 அளவுப்படி பெரிய குறையுள்ளவை 3 வரை இருந்தால் ஏற்கலாம். நான்காவது வந்தால் 300-ஐயும் அவர் செலவில் மறுபடி செக்கிங் செய்ய வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.