கெல்ட் மக்களின் மதமும் வாழ்வும்: கேள்வி பதில்

பழங்கால ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட் மக்களைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, கெல்ட் மதத்துக்கு வேதம், புராணம் மாதிரி மூல நூல் ஏதாவது இருக்கிறதா? எங்கே தொடங்குவது?

பதில்: அப்படி ஒரு நூல் இல்லை. அவர்களின் குருமார்களான துரூயிடுகள் போதனையை எழுதிவைப்பது தகாது என்று கருதினார்கள், சிலர் 20 ஆண்டுகள் வரை மனப்பாடம் செய்தே படித்தார்கள் என்கிறார் ஜூலியஸ் சீசர். கணக்கு வழக்குகளுக்கு மட்டும் கிரேக்க எழுத்து.

ஆகவே நம் கையில் இருப்பவை மூன்று: கிரேக்க, ரோம எழுத்தாளர்களின் குறிப்புகள், மண்ணில் கிடைத்த பொருள்கள், அயர்லாந்திலும் வேல்சிலும் பிற்காலத்தில் எழுதப்பட்ட கதைகள். நான் மண்ணிலிருந்து தொடங்கச் சொல்வேன். சீசர் அந்த மக்களோடு போரிட்டுக்கொண்டே எழுதியவர். அயர்லாந்துக் கதைகளை எழுதிவைத்தவர்களோ கிறிஸ்தவத் துறவிகள். அவற்றின் மிகப் பழைய கைப்பிரதிகளில் ஒன்றான 'லெபோர் நா ஹூய்த்ரே' சுமார் கி.பி. 1100-ஐச் சேர்ந்தது. சீசருக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி.

கேள்வி: நரபலி கொடுத்தார்களாமே? குச்சிகளால் பின்னிய பெரிய உருவத்துக்குள் மனிதர்களை அடைத்து எரித்தார்கள் என்று படித்தேன்.

பதில்: சீசரும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவும் அப்படி எழுதியிருக்கிறார்கள். இரண்டு சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். இருவருமே பொசிடோனியஸ் என்ற கிரேக்கரின் நூலைப் பார்த்து எழுதினார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து, அந்த மூல நூலோ தொலைந்துபோய்விட்டது. எரித்த உருவத்துக்குத் தொல்லியல் ஆதாரமும் இல்லை.

அதற்காக எல்லாமே ரோமர்களின் பொய் என்று மறுபக்கம் சாய்வதும் சரியல்ல. 1984-இல் இங்கிலாந்தின் செஷயரில் கரிச்சேற்று நிலத்தில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது, பெயர் 'லிண்டோ மனிதன்'. தலையில் அடி, கழுத்தில் இறுகிய நரம்புக் கயிறு, தொண்டையில் வெட்டு. குடலில் கருகிய ரொட்டியும் மிசில்டோ என்ற புல்லுருவியின் மகரந்தமும் இருந்தன. துரூயிடுகள் ஓக் மரத்திலிருந்து மிசில்டோவைப் பொன் அரிவாளால் அறுப்பார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பதால், உடனே 'துரூயிட் பலி' என்று பேச்சு கிளம்பியது. ஆனால் கிடைத்த மகரந்தத் துகள்கள் நான்கே நான்கு. கயிறு வெறும் கழுத்தணி என்று வாதிடுபவர்களும் உண்டு. பலி என்பது ஏற்கக்கூடிய விளக்கம்தான், நிரூபிக்கப்பட்டதில்லை.

கேள்வி: இங்கிலாந்தின் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியது துரூயிடுகள்தானே?

பதில்: இல்லை. பெருங்கற்களை நிறுத்தியது சுமார் கி.மு. 2500-இல். துரூயிடுகளைப் பற்றிய குறிப்புகள் அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தியவை. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் 17-ஆம் நூற்றாண்டின் ஜான் ஆப்ரியும் 18-ஆம் நூற்றாண்டின் வில்லியம் ஸ்டுக்லியும் என்ற பழம்பொருள் ஆர்வலர்கள்.

கேள்வி: மதம் இருக்கட்டும். என்ன சாப்பிட்டார்கள், என்ன உடுத்தினார்கள்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் உப்புச் சுரங்கத்தில், சாதாரணமாக மண்ணில் மக்கிப்போகும் எல்லாவற்றையும் உப்பு காப்பாற்றி வைத்திருக்கிறது. அவுரி போல நீலம் தரும் வோட் செடியின் சாயமேற்றிய கம்பளித் துணிகள், ஏன், தொழிலாளர்களின் மலம்கூட! 2021-இல் வெளியான ஆய்வு அந்த மலத்தில் பார்லி, கோதுமை வகைகள், தினை வகை, மொச்சை போன்ற பெரிய அவரை ஆகியவற்றைக் கண்டது. சுமார் 2,600 ஆண்டுப் பழைய மாதிரியில் நீலப் பாலாடைக்கட்டியில் வளரும் பூஞ்சையும் பியர் நொதியும் இருந்தன. எந்த ரோம எழுத்தாளரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

தானியச் சேமிப்பைப் புரிந்துகொள்ள பழங்கால முறைகளைச் செய்து பார்க்கும் இங்கிலாந்தின் பட்ஸர் பண்ணையைப் பாருங்கள். பீட்டர் ரெனால்ட்ஸ் 1972-இல் தொடங்கியது. தரையில் குழி தோண்டித் தானியம் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பார்த்தார். ஓரத்துத் தானியம் முளைவிட்டு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்து, கரியமில வாயுவை நிரப்புகிறது. மீதித் தானியம் அப்படியே உறங்கிவிடுகிறது, விதைக்கவும் ஆகிறது. நம் ஊர் நெல் புதைகுழி நினைவுக்கு வருகிறதா?

ஒன்று மட்டும்: ஹால்ஷ்டாட் ஆல்ப்ஸ் மலையின் சுரங்க ஊர். அங்கே கண்டதை அயர்லாந்து உழவர் வீட்டுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

கேள்வி: கலைமான் கொம்புக் கடவுள் சிந்துவெளிப் பசுபதிதான் என்கிறார்களே?

பதில்: 1891-இல் டென்மார்க்கில் கிடைத்த குண்டெஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையில் கொம்புள்ள உருவம் காலை மடித்து உட்கார்ந்திருப்பதால் வந்த பேச்சு. அந்தக் கடவுளுக்குச் சொல்லப்படும் 'செர்னுன்னோஸ்' என்ற பெயர் அந்தக் கொப்பரையில் இல்லை. அது பாரிஸில் படகோட்டிகள் நிறுத்திய, ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத் தூணில் உள்ள பெயர். கொப்பரையின் வெள்ளி வேலைப்பாடோ தென்கிழக்கு ஐரோப்பாவின் திரேசியப் பாணி. சிந்துவெளி முத்திரைக்கும் இதற்கும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளி, நடுவில் கண்ணிகளும் இல்லை. தோரணை ஒன்றை வைத்துக் கடவுளை அடையாளம் காண்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: அவர்களே எழுதியது ஒன்றுமே கிடையாதா? இங்கிருந்தபடியே படிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. 1897-இல் பிரான்சின் கொலின்யியில் கிடைத்த வெண்கல நாட்காட்டி, அங்கே வாழ்ந்த கெல்ட் மக்களின் காலிய மொழியில் இருக்கிறது. ஐந்தாண்டுக் கணக்கு, மாதங்களுக்கு 'மாட்', 'அன்மாட்' என்ற குறிகள். நல்லது, நல்லதல்லாதது என்று பொருள் கொள்கிறார்கள். ரோமர் ஆட்சிக்காலத்துப் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கிலாந்தின் பாத் நகரில் சூலிஸ் தேவிக்கு எழுதிப் போட்ட சாபத் தகடுகள் சுமார் 130 கிடைத்துள்ளன. பெரும்பாலும் லத்தீன். தொசிமெதிஸ் என்பவர் தன் கையுறைகளைத் திருடியவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று வேண்டுகிறார். பிரிட்டனின் ரோமக் கல்வெட்டு இணையதளத்தில் இவற்றை இலவசமாகப் படிக்கலாம். அயர்லாந்துக் கதைகளுக்குக் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் 'கெல்ட்' இணையத் தொகுப்பு இருக்கிறது.

பழைய வேல்ஸ் ஞானம் என்று மேற்கோள் கண்டால், அது இயோலோ மார்கன்வ்க் வழியாக வந்ததா என்று முதலில் பாருங்கள். 1792-இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் துரூயிட் சடங்கு நடத்திய அவர், பழஞ்சுவடி என்று சொல்லித் தானே நிறைய எழுதிச் சேர்த்தவர்.