டைம் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. சேரலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன். பஞ்சிங் பதிவு, ஓ.டி. கணக்கு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சலான் இவைதான் அன்றாட வேலை. எச்.ஆர். துறையில் மேலே வர ஆசை. வேலையை விட்டுவிட்டு முழுநேர எம்.பி.ஏ. படிக்கலாமா? அல்லது சென்னையில் ஒரு கன்சல்டன்சியில், நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ரெக்ரூட்டராகச் சேரலாமா? ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. 'இங்கிலீஷ் இல்லாமல் எச்.ஆரா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். படிக்கப் போவதை மேனேஜரிடம் சொல்லலாமா என்பதிலும் தயக்கம்.

பதில்: வேலையை விடாதீர்கள். எம்.பி.ஏ. முடித்து வரும் பலர் முதல் இரண்டு வருடம் கற்றுக்கொள்ளத் திணறுகிற விஷயங்கள் இப்போதே உங்கள் மேசையில் கிடக்கின்றன. அவற்றை வெறும் குமாஸ்தா வேலையாகப் பார்ப்பதுதான் சிக்கல்.

ஒரே ஒரு உதாரணம். பி.எஃப். பணம் எடுக்க விண்ணப்பித்த ஒருவரின் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. பி.எஃப். பதிவில் 'எம். செல்வம்', ஆதாரில் 'செல்வம் முத்துசாமி', பான் கார்டில் 'முத்துசாமி செல்வம்'. நம் ஊர் இனிஷியல் பழக்கம் செய்கிற வேலை இது. அதோடு, அவர் முன்பு வேலை பார்த்த காண்ட்ராக்டர் விலகிய தேதியைப் பதிவேற்றாமலே விட்டிருப்பார். தொழிலாளிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. 'கம்பெனி என் பணத்தை அமுக்கிவிட்டது' என்றுதான் கேன்டீனில் பேசுவார். தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி மூலம் பெயரைத் திருத்தி, பழைய காண்ட்ராக்டரைப் பிடித்து விலகல் தேதியைப் போடவைத்து, பணம் கணக்கில் ஏறும்வரை பின்தொடரும் ஆளைத்தான் அந்தத் தொழிற்சாலை எச்.ஆர். என்று நம்பும். இதைவிட நல்ல தொழிலாளர் உறவுப் பயிற்சியை நான் எந்த வகுப்பறையிலும் பார்த்ததில்லை. சேரும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரை ஏற்றும் ஒழுங்கை உங்கள் டைம் ஆபீஸில் கொண்டுவந்தீர்கள் என்றால், அடுத்த இன்டர்வியூவில் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடும்.

அடுத்து, நீங்கள் போடும் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைப் படியுங்கள். பி.எஃப். 12 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். முதலாளி பங்கான 12-இல் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, அதற்கான சம்பள வரம்பு 15,000 ரூபாய் என்று சொல்பவர் குறைவு. இன்டர்வியூவில் நான் வழக்கமாகக் கேட்பது இது: 20,500 வாங்கியவருக்கு ஜூலையில் இன்கிரிமென்ட் வந்து, இ.எஸ்.ஐ. சம்பள வரம்பைத் தாண்டி 21,500 ஆகிவிட்டது, பிடித்தத்தை எப்போது நிறுத்துவீர்கள்? 'ஜூலையிலேயே' என்பார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம்; அது முடியும்வரை 0.75 சதவீதம் பிடித்தே ஆக வேண்டும். ஜூலையிலேயே நிறுத்தினால், அந்தக் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு வரும் நேரத்தில்தான் தவறு வெளியே வரும்.

உங்களுக்கு நேரமும் கூடி வந்திருக்கிறது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய ஆட்கள் மறுபடி பாடம் படிக்க வேண்டிய நிலை. புதிதாக வருபவரும் அவர்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஊதிய வரையறையை மட்டும் பாருங்கள். மொத்தச் சம்பளம் 30,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) சேர்ந்து 10,000, மற்றது வீட்டு வாடகை, போக்குவரத்து போன்ற படிகள் என்று வைத்துக்கொள்வோம். ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இங்கே 20,000 இருக்கிறது. 15,000-க்கு மேல் உள்ள 5,000 ஊதியத்தோடு சேர்ந்து, ஊதியம் 15,000 ஆகிவிடும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, ஓர் ஆண்டுப் பணிக்கு மாத ஊதியத்தில் 15/26 என்ற கணக்கில் 5,769 ரூபாயாக இருந்தது 8,654 ஆகிறது. ஆயிரம் பேர் இருக்கும் ஆலையில் இது எவ்வளவு பெரிய தொகை என்று உங்கள் ஃபைனான்ஸ் மேனேஜரைக் கேளுங்கள். குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் பாக்கிச் சம்பளம் என இன்னும் பல இருக்கின்றன. விதிகள் படிப்படியாக மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. யூடியூப் விளக்கங்களோடு நிறுத்தாமல் அரசிதழ் அறிவிப்பை எடுத்துப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது படிப்பு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் பார்ப்பது தொழிலாளர் நல அலுவலர் தகுதியைத்தான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் கட்டாயமாக இருந்தது. புதிய தொகுப்பில் அது 250 ஆகக் குறைந்திருக்கிறது. சட்டமே உருவாக்கும் பதவி என்பதால், செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி நிறுவனம் இதை எடுத்துவிட முடியாது. ஆனால் 'எம்.பி.ஏ. எச்.ஆர்.' என்ற பெயர் மட்டும் இந்தப் பதவிக்குப் போதாது. சேருமுன், அந்தப் படிப்பு நல அலுவலர் பதவிக்குத் தமிழக அரசு ஏற்ற படிப்புதானா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையில் பட்டப் படிப்புகளோடு, வேலையில் இருப்பவர்களுக்கான பட்டயப் படிப்புகளும் நடத்துகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். முழுநேரமாகவே படிப்பது என்று முடிவானால் எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952 முதல் இருக்கும் நிறுவனம். அந்தத் தரத்தில் இடம் கிடைத்தால் மட்டும் வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம். சில வாரத்தில் எச்.ஆர். ஆக்கிவிடுகிறோம், பிளேஸ்மென்ட் உறுதி என்ற விளம்பரங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

ரெக்ரூட்டர் வேலை தப்பில்லை. ஐ.டி. பக்கம் போக விரும்புபவர்களுக்கு அது ஒரு வாசல்தான். ஆனால் அது டார்கெட் வேலை. சம்பளம், சட்டம், தகராறு எதையும் தொடாமலே ஐந்து வருடம் ஓடிவிடும். உங்களைப் போல ஆலைக்குள் இருப்பவர் வெளியே போய் அதைப் பிடிப்பது பின்னால் நகர்வது.

ஆங்கிலம் பற்றிய பயத்தில் பாதி நியாயம் உண்டு. தலைமை அலுவலகத்துக்கு மெயிலும் மாத அறிக்கையும் ஆங்கிலத்தில்தான் போகும். பிழையில்லாமல் சுருக்கமாக எழுதப் பழகினால் இப்போதைக்கு அது போதும். பேச்சு தானாக வரும். ஆனால் தவறு செய்த தொழிலாளிக்குக் கொடுக்கும் குற்றச்சாட்டுக் கடிதமான சார்ஜ் ஷீட்டைத் தமிழில் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் எவ்வளவு குறைவு என்று உங்கள் நண்பர்களுக்குத் தெரியாது. 'தாங்கள் மேலதிகாரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாகத் தெரியவருகிறது' என்று எழுதினால் தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். '12-ஆம் தேதி இரவு ஷிப்டில், சுமார் 2.40 மணிக்கு, பிரஸ் ஷாப் 3-ஆம் மெஷின் அருகே சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்' என்றால்தான் அது குற்றச்சாட்டு. தேதி, நேரம், இடம், செயல், ஆலையின் ஒழுங்கு விதிகளான நிலையாணையில் எந்தப் பிரிவு என்று ஐந்தும் இருக்க வேண்டும். தொழிலாளி படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுதக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். கூடவே கொஞ்சம் ஹிந்தி பேசப் பழகுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் லைனில் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

தொழிற்சங்கம், பேச்சுவார்த்தை எல்லாம் பழங்கதை என்று எம்.பி.ஏ. வகுப்புகளில் சொல்வதுண்டு. 2024-இல் உங்கள் ஊரிலேயே சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். ஊதிய ஒப்பந்தப் பேச்சு நடக்கும் காலத்தில் அறைக்குள் உட்கார வாய்ப்புக் கிடைக்காவிட்டாலும், அதற்கான ஆள் கணக்கு, ஆஜர் விவரம், ஓ.டி. செலவு எல்லாம் டைம் ஆபீஸிலிருந்துதான் போகிறது. அந்தத் தாள்களைத் தயாரிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) ஒப்பந்தம், அதாவது அரசின் சமரச அதிகாரி முன் போடப்பட்டது, எல்லோரையும் கட்டுப்படுத்தியது. இரு தரப்பும் நேரடியாகப் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. உங்கள் ஆலையின் கடைசி ஒப்பந்தம் இதில் எது என்று ஃபைலைத் தேடிப் பாருங்கள்.

மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துப் படித்தால் தேர்வு நாளில் லீவு கேட்கும்போது தெரியத்தான் போகிறது. 'எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன்' என்று சொல்லாமல், 'நல அலுவலர் தகுதிக்குப் படிக்கிறேன், அடுத்த ஒழுங்கு நடவடிக்கை என்கொயரியில் கூட உட்கார்ந்து குறிப்பு எடுக்கட்டுமா' என்று கேளுங்கள். மேனேஜர் படிப்புக்கும் என்கொயரிக்கும் ஒரு வருடம் வழிவிடாவிட்டால், அப்போது வேறு ஆலைக்கு விண்ணப்பம் போடுங்கள். அதுவும் 250 பேருக்கு மேல் இருக்கும் ஆலையாகப் பார்த்து.