லிங்கன் அமைதிக் காலத்தில் வந்திருந்தால்?

கேள்வி: அமெரிக்காவில் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர் வராமல் இருந்திருந்தால் ஆபிரகாம் லிங்கனை இன்று யார் நினைக்கப் போகிறார்கள்? பெரிய அதிபர்களைக் காலம்தானே உண்டாக்குகிறது?

பதில்: போர் இல்லையென்றால் லிங்கன் பெயர் இவ்வளவு தூரம் வந்திருக்காது. சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். 1860 தேர்தலில் நின்றபோது தேசிய அரசியலில் அவருக்கு இருந்த அனுபவம், கீழ்ச்சபையில் இரண்டே ஆண்டுகள். செனட்டுக்குப் போக இரண்டு முறை முயன்று தோற்றவர். ஆனால் எல்லாம் காலம் செய்த வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், அவருக்கு முன் இருந்த ஜேம்ஸ் புக்கானன்.

அனுபவத்தைப் பார்த்தால் புக்கானன் எங்கோ இருந்தார். கீழ்ச்சபை, செனட், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர், வெளியுறவு அமைச்சர் என்று பார்க்காத பதவி இல்லை. 1860 டிசம்பரில் தென் கரோலினா மாநிலம் நாட்டிலிருந்து பிரிந்தபோது நாற்காலியில் இருந்தவர் அவர்தான். பிரிந்து போவது சட்டப்படி தவறு, ஆனால் அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். அவர் பதவியை விட்டு இறங்குவதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன.

அதே நெருப்புதான் லிங்கன் கைக்கு வந்தது. 1861 மார்ச் 4 பதவியேற்பு. மறுநாளே தென் கரோலினாவில் மத்திய அரசுப் படை இருந்த சம்டர் கோட்டையிலிருந்து வந்த செய்தி: சாப்பாடு தீரப்போகிறது. கோட்டையை விட்டுவிடலாம் என்பதே அமைச்சர்களில் பெரும்பாலோரின் முதல் யோசனை. லிங்கன் பல நாள் யோசித்தார். அப்புறம் தென் கரோலினா ஆளுநருக்குச் சொல்லி அனுப்பினார்: உணவு மட்டும் வருகிறது, தடுக்காவிட்டால், முன்கூட்டிச் சொல்லாமல் ஆளோ ஆயுதமோ இறக்கமாட்டோம். முதல் குண்டைச் சுடுகிற பழி யாருக்கு என்பதை எதிராளியே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். ஏப்ரல் 12 அதிகாலையில் தெற்கு சுட்டது. வடக்கு ஒன்றாக எழுந்து நின்றது. இந்த நிதானத்தைக் காலம் அவருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கும் என்றால் புக்கானனுக்கும் கொடுத்திருக்க வேண்டுமே.

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 1864 ஆகஸ்ட் 23 அன்று லிங்கன் ஒரு குறிப்பு எழுதினார். தேர்தலில் நாம் மறுபடி ஜெயிப்போம் என்று தோன்றவில்லை. அப்படித் தோற்றால், புதியவர் பதவியேற்பதற்குள் அவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பாற்றுவது என் கடமை என்பது அதன் சாரம். அதை மடித்து ஒட்டி, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். தோற்கப் போகிறோம் என்று நம்பிய ஒரு மனிதர், போர் நடக்கிறது என்று சொல்லித் தேர்தலைத் தள்ளிப் போட நினைக்கவில்லை. லிங்கனைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் தொட்டது அந்தக் காகிதம்தான். பத்தே நாளில், செப்டம்பர் 2 அன்று, வடக்குத் தளபதி ஷெர்மனின் படையிடம் தெற்கின் முக்கிய நகரமான அட்லாண்டா விழுந்தது. நவம்பர் தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் 233 வாக்குகளில் 212 லிங்கனுக்கு. அட்லாண்டா இரண்டு மாதம் தாமதித்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

கேள்வி: அப்படியானால் 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் மாட்டிக்கொண்ட அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் திறமை இல்லாதவரா?

பதில்: அப்படிச் சொல்வது பெரிய அநியாயம். சுரங்கப் பொறியாளரான அவர், முதல் உலகப் போரில் பெல்ஜியம் மக்களுக்குச் சோறு போட்டவர். 1927 மிசிசிப்பி வெள்ள நிவாரணத்தை முன்னின்று நடத்தியவர். 1928 அதிபர் தேர்தலில் 48 மாநிலங்களில் 40 அவர் பக்கம். பதவியேற்ற எட்டாம் மாதம் பங்குச் சந்தை சரிந்தது.

ஆனால் நன்கொடையும் தன்னார்வமும் போதும் என்று பழகிய கைக்கு, வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசு நேரடியாகப் பணம் கொடுப்பது கடைசிவரை ஒத்துவரவில்லை. அடுத்த அதிபராக பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வந்தபோது, 1933 மார்ச்சில், நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடிக் கிடந்தன. மார்ச் 12, ஞாயிறு இரவு, அவர் வானொலியில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார். வீட்டுப் பெரியவர் உட்கார வைத்துச் சொல்வது போல. மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, பணத்தை எடுக்க ஓடியவர்களே திரும்பப் போட வரிசையில் நின்றார்கள். வங்கிகளைத் திறக்க வழிசெய்த அவசர வங்கிச் சட்டத்தை உருவாக்கியதில் ஹூவரின் நிதித்துறை ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: திறமை இருந்தும் காலம் கைவிட்ட அதிபர் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: ஜிம்மி கார்ட்டர். 1978இல் எகிப்தையும் இஸ்ரேலையும் அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட்டில் 13 நாள் உட்கார வைத்து உடன்பாடு கண்டவர். அடுத்த ஆண்டு ஈரான் தலைநகர் டெஹ்ரானில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளானார்கள். மீட்கப் போன முயற்சியில் எட்டு வீரர்கள் இறந்தார்கள், தேர்தலும் போனது. 444ஆம் நாள், 1981 ஜனவரி 20, தேர்தலில் ஜெயித்த ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் 52 பேரும் விடுதலை. அவர்களுக்காகக் கடைசி இரவுகளில் தூங்காமல் பேரம் பேசிய கார்ட்டர், மறுநாள் முன்னாள் அதிபராக ஜெர்மனிக்குப் பறந்துபோய் அவர்களைப் பார்த்தார்.